மேடையில் ‘அந்தக் காலத்தில்…’ என்று ஆரம்பித்தால்: கேட்பவர்களுக்கு ஒரு கையேடு

பினாங்கில் தேர்தல் வந்துவிட்டால் எங்கள் தாமான் திடலில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். பொட்டலம் கட்டிய மீ கோரெங் வரும், ஒலிபெருக்கியில் பழைய எம்ஜிஆர் பாட்டு ஓடும், அப்புறம் செராமா, அதாவது தேர்தல் பிரச்சாரக் கூட்டம். எந்தக் கட்சிக்காரர் மைக்கைப் பிடித்தாலும் பத்து நிமிஷத்துக்குள் அந்த வாக்கியம் வந்து விழும்: “அந்தக் காலத்தில் இந்த நாடு எப்படி இருந்தது!” கூட்டம் அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு வரிக்கு எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இப்போது திடலுக்குப் போகக்கூட வேண்டாம், டிக்டாக்கில் வீட்டுக்கே வந்து சேர்கிறது.

இந்த வாக்கியத்தை எப்படிக் கேட்பது, கேட்டபின் என்ன செய்வது என்று எழுதச் சொன்னவள் என் அக்காள் மகள். முதல் முறை ஓட்டுப் போடப் போகிறவள். நான் அரசியல் படித்தவள் கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒப்பரேட்டராகச் சேர்ந்து, லைன் லீடராக ஓய்வு பெற்றவள். கோயில் மகளிர் குழுவின் வரவு செலவு இன்னும் என் கையில்தான் இருக்கிறது. எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் இல்லை.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. ஒரு 555 புத்தகம், ஒரு பேனா, இணையம் உள்ள கைப்பேசி. 555 எது என்று தெரியாத பிள்ளைகள், மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன நோட்டைக் கேட்டால் கொடுப்பார்கள். சட்டைப்பைக்குள் அடங்கும். பேச்சாளர் சொல்வதை அப்படியே அதில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை கைதட்டவும் வேண்டாம், முணுமுணுக்கவும் வேண்டாம்.

முதலில் வருஷத்தைப் பிடியுங்கள்

“அந்தக் காலம்” என்பதற்குத் தேதி கிடையாது, அதன் பலமே அதுதான். கேட்கிற ஒவ்வொருவரும் தான் இளமையாக இருந்த வருஷத்தை அதற்குள் போட்டுக்கொள்வார். அறுபது வயதுக்காரருக்கு ஒன்று, நாற்பது வயதுக்காரருக்கு இன்னொன்று. மேடையில் இருப்பவர் ஒரே வார்த்தையில் இரண்டு பேரையும் பிடித்துவிடுகிறார்.

ஆகவே நோட்டில் முதல் வரி: எந்த வருஷம்? பேச்சாளர் சொல்லமாட்டார். பக்கத்து நாற்காலிப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். வருஷத்தை நேராகக் கேட்டால் அவருக்கு நினைவு வராது. “அப்போ பாலம் வந்தாச்சா அண்ணே? முதலமைச்சர் யாரு?” என்று கேட்டால் டக்கென்று சொல்வார். பினாங்குப் பாலம் 1985. லிம் சொங் இயூ 1969 முதல் 1990 வரை, அதன்பின் கோ சூ கூன் 2008 வரை. இந்த மூன்றை வைத்தே பெரும்பாலான பொற்காலங்களை ஒரு காலகட்டத்துக்குள் அடைத்துவிடலாம்.

வருஷம் கிடைத்ததும் அதற்கு அடுத்த சில வருஷங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய பொற்காலம், இந்தத் தீவு வரி இல்லாத துறைமுகமாக இருந்த காலம். இங்கிலாந்து பிஸ்கட் டின், கைக்கடிகாரம், கேமரா எல்லாம் சல்லிசாக வந்து இறங்கும், தீவிலிருந்து ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போகிறவர்களின் பையைச் சுங்க அதிகாரி கிளறிப் பார்ப்பார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். அம்மா அடுப்படியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “அந்தக் கடிகாரம் நம்ம வீட்டுல எத்தனை இருந்துச்சு?” அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

1969-இல் அந்தச் சலுகை போனது. வேலையில்லாத் திண்டாட்டம் மாநிலத்தையே பிடித்து ஆட்டியது. அதே வருஷத் தேர்தலில் கெராக்கான் கட்சி பினாங்கைப் பிடித்தது. 1972-இல் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரம் பாயான் லெப்பாஸில் வந்தது. அப்பாவின் பொற்காலம் முடிந்த இடத்தில்தான் எனக்குச் சம்பளக் கவர் கிடைக்கத் தொடங்கியது. இதை நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு உதாரணம், மேடையில் அடிக்கடி வருவது: “அப்போது டாலருக்கு இரண்டரை வெள்ளிதான்!” வெள்ளி என்றால் ரிங்கிட். அவர் சொல்வது உண்மை. 1997-இன் நடுப்பகுதிவரை அப்படித்தான் இருந்தது. 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 88 காசு வரை போனது. செப்டம்பரில் 3.80 என்று கட்டிவைத்தார்கள், 2005 ஜூலை வரை அந்தக் கட்டு இருந்தது. இரண்டரை வெள்ளியும் 4.88-உம் ஒரே பிரதமரின் ஆட்சியில், ஓராண்டுக்குள் நடந்தவை. பேச்சாளர் படத்தை எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று பாருங்கள், அவர் நோக்கம் தெரிந்துவிடும்.

விலையை உழைப்பு நேரமாக மாற்றுங்கள்

இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

“தே தாரிக் அறுபது காசுக்குக் குடித்தோம்” என்று சொன்னால், அந்த அறுபது காசைச் சம்பாதிக்க எத்தனை நிமிஷம் வேலை செய்தார் என்று கேளுங்கள். விலையை மட்டும் சொல்லிச் சம்பளத்தைச் சொல்லாமல் விடுவது பாதிக் கணக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு நாள் கூலி ஐந்து வெள்ளி அளவில் இருந்தது. அன்றைய விலையை மட்டும் கேட்ட பிள்ளைகள் “அடேயப்பா” என்கிறார்கள். அன்றைய கூலியையும் சேர்த்துச் சொன்னால் சத்தம் அடங்கிவிடுகிறது.

கணக்குப் போடும் விதம் சுலபம். குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்துத் தொடங்குங்கள். 2013 ஜனவரிக்கு முன்னால் இந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளமே இல்லை. அந்த வருஷம் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று வைத்தார்கள், மணிக்கு 4 வெள்ளி 33 காசு. 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆனது, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இனி ஒரு பொருளை எடுங்கள். பெட்ரோல் எடுப்போம், எல்லா மேடையிலும் ஓடுவது அதுதான். 2013 செப்டம்பரில் ரோன்95 லிட்டர் 2 வெள்ளி 10 காசு. ஒரு மணி நேரம் உழைத்தால் இரண்டு லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1 வெள்ளி 99 காசு என்று வைத்தார்கள். ஒரு மணி நேர உழைப்புக்கு நாலு லிட்டருக்கு மேல். இன்னும் பின்னால் போனால், 2008 ஜூனில் ஒரே இரவில் 1.92-லிருந்து 2.70-க்கு ஏற்றினார்கள். எங்கள் பக்கத்து பெட்ரோல் நிலையத்தில் மோட்டார் சைக்கிள்கள் சாலைவரை வரிசை கட்டி நின்றன. பெட்ரோலை வைத்துப் பழைய காலத்தைப் புகழ்கிறவரிடம் 2008-ஐ மட்டும் மெதுவாக நினைவூட்டுங்கள்.

இதே கணக்கை வீட்டுக்குப் போடுங்கள். இங்கே பேச்சாளர் ஜெயித்துவிடுவார், அதையும் நேர்மையாக எழுதிக்கொள்ள வேண்டும். எண்பதுகளில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்த உச்சவிலை 25,000 வெள்ளி. ஓவர்டைம் செய்கிற ஒரு ஒப்பரேட்டரும், லாரி ஓட்டுகிற புருஷனும் சேர்ந்தால் அந்தக் கடனைக் கட்டிவிடலாம். நாங்கள் கட்டினோம். இன்று என் அக்காள் மகள் பட்டம் வாங்கிய கையோடு வேலைக்குப் போகிறாள், தீவில் அவள் பார்க்கிற அடுக்குமாடி வீடு எல்லாம் லட்சங்களில் இருக்கிறது. “அந்தக் காலத்தில் வீடு வாங்க முடிந்தது” என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

ஏக்கம் முழுக்க ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொண்டு கேட்டால் ஒன்றும் பிடிபடாது. வீட்டைப் பற்றிய உண்மையான வலியை எடுத்துக்கொண்டு, அதன் முதுகில் பெட்ரோலையும் தே தாரிக்கையும் எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுக்காரனையும் ஏற்றிவிடுவதுதான் மேடைத் தந்திரம். நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: கணக்கில் நிற்பது, நிற்காதது.

எண்களை எங்கே தேடுவது? மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் விலைவாசி, சம்பளம், குடும்ப வருமானம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். நாணய மதிப்புக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தளம். இரண்டும் கைப்பேசியிலேயே திறக்கும். வாட்ஸ்அப்பில் வருகிற வண்ணப் பட்டியல்களில் வருஷமும் மூலமும் இல்லை என்றால் அதை நோட்டில் ஏற்றாதீர்கள்.

யாருடைய பொற்காலம்?

1970-இல் தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு 49 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. 1957-இல், சுதந்திரம் வாங்கிய வருஷத்தில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபத்தைந்து போல ஒரு வயதுக்குள் இறந்தன. இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் உள் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

நம் ஆள்களுக்கென்று தனியாக ஒரு பொற்காலம் இருக்கிறது: எஸ்டேட். “இலவச வீடு, இலவச ஆஸ்பத்திரி, தமிழ்ப்பள்ளி, கோயில், திருவிழா, எல்லாம் இருந்தது, இன்றைக்கு என்ன இருக்கிறது?” இந்திய வாக்காளர்கள் இருக்கிற தொகுதியில் இதைத் தமிழில் சொல்லாத கட்சியே கிடையாது. நானும் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன்.

என் சின்னம்மா கெடாவில், சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டு என்கிற ஆஜர் கணக்கு, தலையில் விளக்கு, தோளில் வாளி. பள்ளி விடுமுறைக்கு அங்கே போவோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் இருந்து பார்த்தால் கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் கணக்கு எழுதும் கிராணி வீடு, மேட்டின்மேல் துரை பங்களா. யார் யாருக்குக் கீழே என்பதைத் தரையே சொல்லிக்கொடுத்துவிடும். வீடு இலவசம்தான், வேலை இருக்கிறவரை. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். மிச்சமிருந்தவர்கள், பின்னாளில் தோட்டம் வீடமைப்புத் திட்டமாகவும் கோல்ப் மைதானமாகவும் மாறியபோது, மூன்று தலைமுறை இருந்த லயத்தைக் காலி செய்தார்கள். 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் தெருவில் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் கூட்டத்துக்கு வந்த முகங்களில் அந்தக் கதையும் இருந்தது.

சின்னம்மாவிடம் “திரும்பப் போவீங்களா?” என்று கேட்டேன். “மரம் வெட்டவா? என் பேத்தியை அனுப்பமாட்டேன்” என்றார். ஆனால் மாரியம்மன் திருவிழாவைச் சொல்லும்போது குரல் வேறாகிவிடும். அவர் ஏங்குவது கூலிக்கும் இல்லை, துரைக்கும் இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பத்து வீடு வந்து நிற்கும் அந்த இடத்துக்கு. இதைத் தனியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேடையில் இருப்பவர் திருவிழாவைக் காட்டி வேறு எதையோ விற்கிறார். பக்கத்து வீட்டார் பெயர் தெரியாத அடுக்குமாடியில் அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவார் என்று கேட்டால் பதில் இருக்காது.

கடல் தாண்டியும் கேளுங்கள்

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டிரம்ப் தொழிற்சாலை வேலைகளைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று சொல்லும்போது எனக்கு ஒரு விசித்திரமான உணர்வு. அவர் சொல்கிற அந்தத் திருடுபோன வேலை என் மேசைமேல் இருந்தது!

அந்த நாட்டில் உற்பத்தித் துறை வேலைகள் உச்சத்தில் இருந்தது 1979-இல், ஏறக்குறைய ஒரு கோடியே 95 லட்சம். இப்போது ஒரு கோடியே 30 லட்சத்துக்கும் கீழே. இன்டெல் 1972-இல் பாயான் லெப்பாஸில் ஆலை போட்டது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை. பின்னாலேயே மற்றவை வந்தன. எங்கள் வேலை, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு சிப்பின் ஓரத்தில் ஒட்டுவது. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண். ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினால் தெருவிளக்கெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். முப்பது வயதுக்குள் கண்ணாடி போட்டவர்கள் எத்தனையோ பேர்.

அங்கே மேடையில் வருகிற கதையில், ஒரு ஆள் தொழிற்சாலைக்குப் போய் வீடு, கார், மனைவி, இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினான். இங்கே வந்த வேலை அப்படிப்பட்டது இல்லை. அப்பா, அண்ணன், அக்காள், நான் என்று நான்கு சம்பளம் சேர்ந்துதான் எங்கள் வீடு ஓடியது. அப்புறம் எண்பதுகளில் தானாகக் கம்பி ஒட்டும் இயந்திரங்கள் வந்தன. ஒரு பெண் பத்து இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டாள், மிச்சம் ஒன்பது பேர் வேறு பகுதிக்குப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து பினாங்குக்கு வந்த வேலையில் பெரும்பகுதி இப்போது பினாங்கிலும் இல்லை. 2025-இல் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்றார் டிரம்ப், அப்புறம் 25 என்றார், ஆகஸ்டில் 19-இல் நின்றது. வரி போட்டு ஆலையைத் திரும்ப இழுத்தாலும் அங்கே போய் இறங்கப்போவது இயந்திரம்தான், ஒப்பரேட்டர் இல்லை.

இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று: “திரும்பக் கொண்டுவருவேன்” என்று யாராவது சொன்னால், அந்தப் பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பல சமயம் அது எங்குமே இருக்காது.

மேடையில் யார் இல்லை என்று பாருங்கள்

செராமாவில் பேசுகிறவர்களைக் கவனிப்போம், சரி. பேச வராதவர்களையும் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் எல்லாக் கட்சியிலும் ஒரு சலிப்பூட்டும் ஆள் இருப்பார். கண்ணாடி போட்டுக்கொண்டு, “அதற்குப் பணம் இல்லை, மெதுவாகத்தான் செய்யவேண்டும், இருப்பதை உடைக்காமல் மாற்றுவோம்” என்பார். கைதட்டல் கிடைக்காது. வீட்டுச் செலவைப் பார்க்கிற மாமியார் மாதிரி, யாருக்கும் பிடிக்காது, அவர் இல்லாத மாதம் கடன் வந்துவிடும். மிதவாதப் பழமைவாதம் என்று பத்திரிகைகளில் எழுதுவது இவரைத்தான்.

இங்கே அவருடைய வீடு பழைய கூட்டணிக் கட்சிகள். அவை எப்படிக் கரைந்தன என்பதை எண்ணாகவே பாருங்கள். 2004-இல் நாடாளுமன்றத்தில் சீனர் கட்சியான மசீச 31, இந்தியர் கட்சியான மஇகா 9, கெராக்கான் 10. 2022-இல் மசீச 2, மஇகா 1, கெராக்கானுக்கு ஒன்றுமில்லை. பினாங்கை 39 வருஷம் ஆண்ட கெராக்கான் 2008-இல் ஒரு சட்டமன்றத் தொகுதியைக்கூடத் தக்கவைக்கவில்லை. அவர்களுக்காக நான் அழவில்லை. ஊழலைப் பார்த்தும் வாய் மூடி இருந்தார்கள், எங்கள் பிரச்சினையைக் கொண்டுபோனால் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். மக்கள் தண்டித்தது நியாயம். ஆனால் அவர்களோடு சேர்ந்து “முடியாது” என்று சொல்லும் வேலையும் போய்விட்டது, அதை எடுத்துக்கொள்ள இன்னும் யாரும் வரவில்லை.

அந்தக் கூட்டணிக்குத் தலைமை தாங்கிய மலாய்க்காரர் கட்சி அம்னோவின் கதை இன்னும் பாடமானது. 2018-இல் ஆட்சி போனதும் அது இஸ்லாமியக் கட்சியான பாஸோடு கைகோத்தது. 2019 செப்டம்பரில் முவாஃபாக்காட் நேஷனல் என்று சாசனமே கையெழுத்தானது. எதிரியின் குரலில் பேசினால் எதிரியின் ஓட்டு வரும் என்று கணக்கு. 2022-இல் அம்னோ 54-லிருந்து 26-க்கு இறங்கியது, பாஸ் 18-லிருந்து 40-ஐத் தாண்டியது. அசல் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்போது நகலை யார் வாங்குவார்கள்? இங்கிலாந்திலும் இதே பாதைதான். 2019 செப்டம்பரில் பிரதமர் போரிஸ் ஜான்சன் தன் கன்சர்வேட்டிவ் கட்சியின் 21 எம்பிக்களைக் கட்சிக்குழுவிலிருந்து வெளியேற்றினார். பழைய நிதியமைச்சர் கென்னத் கிளார்க்கும் சர்ச்சிலின் பேரனும் அதில் இருந்தார்கள். அந்த டிசம்பரில் 365 இடம், பெரிய வெற்றி. 2024 ஜூலையில் 121, அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே மோசமான தோல்வி. அவர்களைவிட உரக்கப் பேசுகிற ஃபராஜ் கட்சி 14 விழுக்காடு ஓட்டை அள்ளிக்கொண்டு போனது.

ஆக, நோட்டில் ஒரு சோதனைக் கேள்வி: இந்தப் பேச்சில் யாருக்காவது ஏமாற்றம் தரும் ஒரு வரியாவது இருந்ததா? “இதைச் செய்தால் அதைச் செய்ய முடியாது” என்று ஒருமுறையாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் நட்சத்திரம் போடுங்கள், நீங்கள் எதிர்க்கிற கட்சியாக இருந்தாலும். என் நோட்டில் நட்சத்திரங்கள் மிகக் குறைவு.

யார் பணம் கொடுக்கிறார்கள்?

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே “யார் காசு” என்று எழுதி ஒரு இடம் விடுங்கள். ஜிஎஸ்டி 2015 ஏப்ரலில் வந்தது, 6 விழுக்காடு. எல்லாரும் திட்டினோம், நானும்தான். 2018 ஜூனில் பூஜ்யமாக்கினார்கள், செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்ப வந்தது. 2017-இல் ஜிஎஸ்டியில் மட்டும் 4,400 கோடி வெள்ளி அளவுக்கு வசூல், திரும்ப வந்த வரி அதைவிட மிகக் குறைவாகத்தான் கொண்டுவந்தது. கடையில் விலை குறைந்ததா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். டோலும் இப்படியே. 2019 ஜனவரி முதல் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இலவசம், அது நடந்தது, எழுதிக்கொள்ளுங்கள். காருக்கு இன்னும் கட்டுகிறோம், ஏனென்றால் ஒப்பந்தத்தை முறித்தால் நிறுவனத்துக்கு இழப்பீடு தரவேண்டும், அதுவும் நம் வரிப் பணம்தான். ஒரு வெள்ளி 99 காசு பெட்ரோலிலும் மிச்சத்தைக் கட்டுவது கருவூலம்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் மாதம் சில பத்து வெள்ளி வாடகைக்கு மூன்று தலைமுறை இருந்தவர்கள் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் புண்ணியம். கொடுத்தது யார்? கட்டடம். கூரை ஒழுகினாலும் பழுதுபார்க்க உரிமையாளருக்கு அக்கறை இல்லை. 2000 தொடக்கத்தில் அந்தச் சட்டம் போனபோது ஏறிய வாடகையில் தையல்காரரும் பூக்கட்டுகிறவரும் தீவின் உள்பக்கம் போய்விட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் ஏறியது, இப்போது அவர்கள் கடை இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு காப்பி ஊற்றுகிறார்கள். மலிவு வாடகைக்கு ஏங்குவதும் சரி, கூரை விழுந்ததும் சரி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் இந்த நோட்டு.

வீட்டில் எப்படிப் பேசுவது

சித்தப்பாவோ மாமனாரோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “நம் தலைவர் காலத்தில் மீன் என்ன விலை” என்று ஒரு வீடியோ போட்டால், உடனே எண்களை எடுத்து வீசாதீர்கள். எல்லார் முன்னாலும் திருத்தினால் பெரியவர்கள் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். குழுவில் ஒன்றும் சொல்லாமல், தீபாவளிக்குப் போகும்போது முறுக்குத் தட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். “சித்தப்பா, அப்போ நீங்க எங்க வேலை பார்த்தீங்க? சம்பளம் என்ன?” அவ்வளவுதான். அவரே மீன் விலையை விட்டுவிட்டு முதலாளியைத் திட்ட ஆரம்பிப்பார். நான் பார்த்தவரை, மனிதர்கள் தங்கள் காலத்தைப் பற்றி மேடைப் பேச்சாளரைவிட நேர்மையாகவே பேசுகிறார்கள், நேரம் கொடுத்தால்.

இளையவர்களிடம் எதிர்த் திசையில் போங்கள். அவர்கள் பார்க்காத காலத்துக்கு ஏங்குகிறார்கள். முன்னாள் பிரதமர் நஜீப் ஊழல் வழக்கில் நின்றுகொண்டிருந்தபோதே மோட்டார் சைக்கிளில் ஏறி “மாலு அபா, போஸ்கு” (எதற்கு வெட்கம், பாஸ்) என்று மக்கள் நாயகனாக வலம் வந்ததை 2019-இல் பார்த்தோம். அந்த வீடியோக்கள் நன்றாக இருந்தன, ஒளி, இசை எல்லாம். 2020 ஜூலையில் தீர்ப்பு வந்தது, 2022 ஆகஸ்டில் நஜீப் சிறைக்குப் போனார். பிள்ளைகளிடம் தீர்ப்பைப் படிக்கச் சொன்னால் படிக்கமாட்டார்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி போதும்: இதில் எந்த எண்ணாவது சொன்னாரா?

திடலில் கேள்வி கேட்க மைக் தருவது அபூர்வம். தந்தால் ஒரே கேள்வி, சின்னதாக, மரியாதையாக: “ஐயா, நீங்க சொன்ன அந்த நல்ல காலம் எந்த வருஷம்? அன்னைக்கு ஒரு தொழிலாளி சம்பளம் என்ன?” இரண்டாவது கேள்வி கேட்கப் போகாதீர்கள், அடியாட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

தேர்தலுக்கு அப்புறம்

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாடாளுமன்றத்தில் வாசிப்பார்கள். அன்று அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிட்டு, நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருங்கள். திடலில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே வந்தது, வரவில்லை, பாதி வந்தது என்று குறியுங்கள். “யார் காசு” என்று காலியாக விட்ட இடத்தை அன்று நிரப்பலாம், ஏனென்றால் எந்த வரி ஏறுகிறது, எந்த மானியம் குறைகிறது என்பது பெரும்பாலும் அந்த உரையில் வரும். தமிழில் சுருக்கம் மறுநாள் நாளிதழில் வரும், அதையும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். 555-இல் பக்கம் சின்னது, ஆகவே பசை குறைவாகப் போடுங்கள்.